மாரேட்பள்ளிக்கு வந்த படகு

கச்சிபௌலியில் அந்தக் கட்டடத்துக்கு நான் முதன்முதலாகப் போனது 2011 நவம்பரில், ஒரு திங்கட்கிழமை காலை. செகந்திராபாத் மாரேட்பள்ளி வீட்டிலிருந்து கம்பெனி வண்டியில் ஒன்றரை மணி நேரம். லிஃப்டில் ஆறாவது மாடி. கதவைத் திறந்ததும் புதுக் கார்ப்பெட்டின் வாசனை. சட்டைக்குள் இறங்குகிற ஏ.சி. குளிர். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே எல்லா ஜன்னல்களையும் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். அந்த இருட்டில் ஒரு சுவர் முழுக்கக் கடல் தெரிந்தது.

அலையில்லாத, சத்தமில்லாத நீலக் கடல். அதில் இருநூறு பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மீன்பிடி விசைப்படகு.

நாங்கள் இருந்த இடத்திலிருந்து இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குள் எந்தப் பக்கமும் கடல் கிடையாது.

என் பெயர் சாரங்கபாணி. தாத்தா காலத்திலிருந்து நாங்கள் செகந்திராபாத்தில் இருக்கிறோம். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டு ஆண்கள் மேல் ஒரு சொல் விழுந்ததில்லை. இதைச் சொல்லிச் சொல்லித்தான் நான் என் மகனை வளர்த்தேன். அதே வாயால் இனி வருவதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாலாநகரில் விமானக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்துநான்கு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தேன். அங்கே சோதனை செய்பவர் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த ஒரு சிறு முத்திரை உண்டு. தேறிய பாகத்தில் அது விழும். என் எண் நாற்பத்தொன்று. ஒருவர் முத்திரையை இன்னொருவர் தொடக்கூடாது. தொட்டால், தொட்டவருக்கும் கொடுத்தவருக்கும் வேலை போகும். ஓய்வு பெற்ற நாளில் அந்த முத்திரையைத் திருப்பிக் கொடுத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

என் மகன் சரத் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து கச்சிபௌலியில் ஒரு நிறுவனம் நடத்திவந்தான். படகுகளில் கைப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி பொருத்தியிருப்பார்கள். அரை மணிக்கு ஒரு முறை அது படகு இருக்கும் இடத்தையும் வேகத்தையும் செயற்கைக்கோளுக்குச் சொல்லும். வேகத்தை வைத்தே படகின் வேலையைச் சொல்லிவிடலாம். மணிக்கு எட்டு கடல் மைல் என்றால் போகிறார்கள், அல்லது திரும்புகிறார்கள். இரண்டு, மூன்று என்றால் வலை இழுக்கிறார்கள். இப்படி மாதக்கணக்கில் சேர்த்தால், கடலில் எங்கே எவ்வளவு மீன் பிடிக்கிறார்கள் என்று ஒரு வரைபடம் கிடைக்கும். மீன் குஞ்சு பொரிக்கும் இடங்களை எந்த மாதம் மூடலாம், கப்பல் பாதையை எங்கே போடலாம், எந்தப் பகுதியை மீனவருக்கே விட்டுவிட வேண்டும் என்பதை அரசு அலுவலகம் அந்த வரைபடத்தைப் பார்த்துத் திட்டமிடும்.

கருவிகள் சில சமயம் பொய் சொல்லும். ஒரு படகு மலை மேல் நிற்பதாகக் காட்டும். இன்னொன்று ரயில் வேகத்தில் ஓடுவதாகக் காட்டும். முந்தைய நாளின் புள்ளிகளைக் காலையில் பார்த்து, தவறானவற்றைப் ‘பழுது’ என்று குறிப்பதற்கு நிதானமான ஓர் ஆள் தேவைப்பட்டது. குறித்த புள்ளி சாம்பல் நிறமாகி வரைபடத்திலிருந்து மறைந்துவிடும். சரத் என்னைக் கூப்பிட்டான். சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

அதனால் எனக்கென்று லாகின் எதுவும் போடவில்லை. பக்கத்து இருக்கையில் ரோகிணி என்று ஒரு பெண். இருபத்துநான்கு வயது. அவள் அப்பா இளங்கோவன் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் ஃபோர்மேன், திருச்சிக்காரர். காலையில் அவள் தன் பெயரில் திறந்து கொடுப்பாள். நான் உட்கார்ந்து குறிப்பேன்.

“அங்கிள், உங்களுக்குன்னு ஒரு லாகின் போட்டுக்கலாமே. அஞ்சு நிமிஷ வேலை” என்று இரண்டு முறை சொன்னாள்.

“அந்த பாஸ்வேர்டை எவன் ஞாபகம் வெச்சுக்கறது? வேலை நடக்குதில்ல, போதும்மா” என்றேன்.

நாற்பத்தொன்றாம் எண் முத்திரையை வைத்திருந்தவன் சொன்னது இது.

ஒரு விதியையும் நானே வைத்தேன். நங்கூரம் எட்டாத ஆழத்தில், ஒன்றரை கடல் மைலுக்குக் குறைந்த வேகத்தில், மணிக்கணக்காக நகரும் புள்ளி பழுது. டீசல் விற்கும் விலையில் நடுக்கடலில் எந்தப் படகும் சும்மா நிற்காது என்பது என் வாதம். சரத் தலையாட்டினான். அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள்.

2012 மார்ச் மாதம், ஒரு காலையில் நூற்றுப் பதினேழாம் படகு அப்படி நகர்ந்திருந்தது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு சிறு துறையிலிருந்து புறப்பட்ட படகு. ஐந்து ஆட்கள். கரையிலிருந்து வெகுதூரம் போனபின், வடக்குப் பக்கமாக, ஒரு கடல் மைலுக்குச் சற்றே கூடிய வேகத்தில் நாற்பத்தெட்டுப் புள்ளிகள். கோணல்மாணலாக, ஆனால் விடாமல். நாற்பத்தெட்டையும் குறித்தேன். சாம்பலாகி மறைந்தன.

ரோகிணி எட்டிப் பார்த்தாள். “அங்கிள், இது பழுது மாதிரி இல்லையே. மார்ச்ல அந்தப் பக்கம் நீரோட்டம் வடக்கதான் போகும். இன்ஜின் நின்னுபோய் மிதந்தா இப்படித்தான் வரும்.”

“பெட்டியில சிவப்புப் பொத்தான் இருக்கு. ஆபத்துன்னா அதை அழுத்தியிருப்பாங்க.”

“பொத்தானே வேலை செய்யலைன்னா?”

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பக்கத்து மேசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. முப்பத்துநான்கு வருடம் பழுது கண்டுபிடித்த கண்ணுக்கு நேற்று வந்த பெண் பாடம் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த படகுக்குப் போனேன்.

மறுநாளும் அது வந்தது. நாற்பத்தெட்டுப் புள்ளிகள். குறித்தேன்.

மூன்றாம் நாள் ரோகிணி சரத்திடம் போய்ச் சொன்னாள். அப்பா பார்த்துவிட்டாரல்லவா, விடு என்று அவன் சொல்லி அனுப்பினானாம்.

நான்காம் நாள் தொலைபேசி வந்தது. தமிழில் யாரோ ஒரு பெண் பேசுகிறாள் என்று என்னிடம் கொடுத்தார்கள். படகை ஓட்டும் சிவஞானத்தின் மனைவி, பெயர் தங்கம். வேறு படகின் கருவி மேல் ஒட்டியிருந்த தொலைபேசி எண்ணை யாரிடமோ கேட்டு வாங்கிப் பேசினாள்.

“ஐயா, போனவுக ரெண்டு நாளுல திரும்பியிருக்கணும். பெட்டி மாட்டயில, எங்க போனாலும் எங்களுக்குத் தெரியும்னு சொன்னாகளே. பாத்துச் சொல்லுங்கய்யா.”

படகு என் முன்னால் இருந்தது. குறித்ததை நீக்கினால் பச்சைப் புள்ளிகள் திரும்ப வரும். ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. ரோகிணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் நீக்க என் விரல் எழவில்லை.

“அந்தப் பெட்டி பழுதும்மா. ஒண்ணும் தெரியலை” என்றேன்.

அதன் பிறகு ஏழு காலை. மொத்தம் பதினோரு காலை. ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்குக் காபி குடித்துவிட்டு உட்கார்ந்து நாற்பத்தெட்டுப் புள்ளிகளைக் குறித்தேன். பன்னிரண்டாம் நாள் மசூலிப்பட்டினத்துக்கு நேர் கிழக்கே புள்ளிகள் வருவது நின்றுவிட்டது. பார்த்தாயா, கருவி அடியோடு போய்விட்டது என்று ரோகிணியிடம் சொன்னேன்.

சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவர்கள் யாரும் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை. ஏப்ரல் முதல் வாரம் அரசு அலுவலகத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கண்ணாடி அறையில் எல்லோரையும் உட்காரவைத்தார்கள். அழியாத மூலப் பதிவைத் திரையில் போட்டார்கள். ஐந்நூற்று இருபத்தெட்டுப் புள்ளிகள். தேடிப் போயிருந்தால் எந்த நாளிலும் பிடித்திருக்கலாம் என்று ஒருவர் மெல்லச் சொன்னார். ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே குறித்தவர் பெயர் இருந்தது. ரோகிணி. ரோகிணி. ரோகிணி.

சரத் என்னைப் பார்த்தான். பங்குதாரரின் அப்பா, சம்பளப் பட்டியலில் இல்லாதவர், அடுத்தவர் லாகினில் வேலை பார்த்தார் என்று தெரிந்தால் நிறுவனத்தை மூடவேண்டியதுதான். செய்தித்தாளில் எங்கள் பெயர் வரும்.

அதிகாரி என்னைக் கேட்டார். இந்தப் பெண்ணுக்கு வேலை சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானா என்று.

“நான் பலமுறை சொல்லியிருக்கேன், அவசரப்படாதேன்னு” என்றேன்.

ரோகிணி, “அங்கிள்…” என்றாள். மேலே சொல்லவில்லை. அன்று மத்தியானமே அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். பையை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது என் மேசையில் சிந்தியிருந்த காபியைத் துடைத்துவிட்டுப் போனாள். தினமும் அவள் செய்கிற வேலை அது.

ஏப்ரல் பதினைந்திலிருந்து மீன்பிடித் தடைக்காலம். எந்த விசைப்படகும் கடலுக்குப் போகாது. திரையில் எல்லாப் புள்ளிகளும் துறைமுகங்களில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். நீலத்தில் ஒரு பொட்டு இருக்காது.

பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை, ஒரு பொட்டு இருந்தது.

மசூலிப்பட்டினத்துக்குக் கிழக்கே. எண் 117.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபெலிக்ஸைக் கூப்பிட்டேன். நாகர்கோவில் பையன், எதற்கும் அசராதவன். அந்தக் கருவிக்குக் கொடுத்திருந்த இணைப்பை மாதம் பிறந்ததுமே துண்டித்துவிட்டோம், செயற்கைக்கோளில் தங்கிப்போன பழைய செய்தி மறுபடி வருகிறது, அவ்வளவுதான் என்றான். இப்போது எனக்கென்று லாகின் இருந்தது. பழுது என்று குறித்தேன். சாம்பலானது.

வெள்ளிக்கிழமை அது மறுபடியும் பச்சையாக இருந்தது. கரையைத் தாண்டி நிலத்துக்குள் வந்திருந்தது.

அதே கோணல்மாணல் நடை. மேற்கே, வடமேற்கே, விடாமல். மணிக்கு ஒரு கடல் மைலுக்கும் குறைவு. குறித்தேன்.

திங்கட்கிழமை விஜயவாடாவைத் தாண்டியிருந்தது.

ஃபெலிக்ஸ் சிரிக்கவில்லை. நெடுஞ்சாலையை ஒட்டியே வருகிறது, யாராவது பெட்டியைக் கழற்றி லாரியில் போட்டிருப்பார்களோ என்றான். லாரி நாளுக்கு நாற்பது கிலோமீட்டர்தான் போகுமா என்று கேட்டேன். அவன் கழுத்தில் கிடந்த சிலுவையைத் தொட்டுக்கொண்டு எழுந்துபோனான்.

அன்று சாயங்காலம் வீட்டில் என் மனைவி கனகவல்லி காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

“தண்ணி கரிக்குதுங்க.”

“கோடையில போர் தண்ணி அப்படித்தான்.”

“இது போர் தண்ணி இல்ல. குழாய்ல வர்ற மஞ்சீரா ஆத்துத் தண்ணி. பக்கத்து வீட்ல கேட்டேன், அவங்களுக்கு நல்லாத்தான் வருதாம்.”

நானும் குடித்துப் பார்த்தேன். நாக்கு சுருங்கியது. துணி அலமாரியைத் திறந்தால் டீசல் வாடை. அதற்கடியில் இன்னொன்று: வெயிலில் நாட்கணக்கில் நனைந்து காய்ந்து நனைந்த மரத்தின் வாடை. என் சட்டையைப் பிழிந்தால் கடல் தண்ணீர் வடியும் போலிருந்தது.

புதன்கிழமை சூர்யாபேட்டையைத் தாண்டியது.

குறித்தேன். குறித்த விரலை எடுப்பதற்குள் பச்சையானது.

மறுபடி குறித்தேன். பச்சை.

வெள்ளிக்கிழமை சௌடுப்பல். ஐம்பது கிலோமீட்டர். அன்று நான் குறிக்கவில்லை. எத்தனை நாளாயிற்று என்று விரல்விட்டு எண்ணினேன். ஒன்பது. பதினொன்றுக்கு மீதி இரண்டு நாள். மனக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று அறிய எனக்கு வரைபடம் தேவைப்படவில்லை.

ஞாயிறு காலை சரத் குடும்பத்தோடு கனகவல்லியும் மல்காஜ்கிரியில் ஒரு சீமந்தத்துக்குப் போனாள். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி இருந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போனது. அந்தக் கோடையில் தினமும் இரண்டு மணி நேரம் போகும். மின்விசிறி நின்றது, ஃபிரிட்ஜ் அடங்கியது. தெருவில் ஆட்டோ இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. வெயில் வெள்ளையாக முற்றத்தில் கிடந்தது. அவ்வளவு வெளிச்சத்தில் அவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை.

முதலில் வாடை வந்தது.

பிறகு, தெருக்கோடியில், யாரோ ஒரு இன்ஜினைக் கிளப்பப் பார்க்கிற சத்தம். டக், டக், டக். பிடிக்கவில்லை. சிறிது நேரம் அமைதி. மறுபடியும் டக், டக், டக். இன்னும் கொஞ்சம் பக்கத்தில்.

வாசல் கேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தெரு காலி. தாரில் கானல் நெளிந்துகொண்டிருந்தது.

சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

முற்றத்தில் எங்கள் சம்ப் இருக்கிறது. தரைக்கடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி. மேலே இரும்பு மூடி. அதற்குள் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. நிறைந்த தொட்டியில் தண்ணீர் தளும்பும் சத்தம் எனக்குத் தெரியும். இது வேறு. மரத்தின் மேல் தண்ணீர் வந்து மோதி, வழிந்து, மறுபடி மோதும் சத்தம்.

மூடியின் ஓரங்களில் ஈரம் கசிந்தது. கசிந்த இடம் அந்த வெயிலில் உடனே காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்தது.

உள்ளேயிருந்து தட்டினார்கள்.

பலமாக அல்ல. பலமில்லாதவர்கள் தட்டுவது போல.

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மறுபடி தட்டல். பிறகு ஒரு குரல். வறண்டு, தொண்டையில் ஒட்டிக்கொண்டு வந்த குரல்.

“ஐயா… நாங்க தெரியுறோமா?”

ஒன்பது மணிக்குக் காபி குடித்துவிட்டு உட்கார்ந்த பதினோரு காலையும் என் கண்ணுக்குள் வந்தது. கோபமாகக் கேட்டிருந்தால் நான் கேட்டைத் திறந்துகொண்டு ஓடியிருப்பேன். அந்தக் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டது.

சுடுகிற தரையில் முழங்கால் போட்டேன். மூடிக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னேன்.

“தெரியுறீங்க.”

தண்ணீர் அசைவது நின்றது.

“அன்னைக்கும் தெரிஞ்சீங்க. தினமும் தெரிஞ்சீங்க.”

மின்சாரம் வந்து வீட்டுக்குள் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டபோதும் நான் அப்படியே இருந்தேன். கனகவல்லி திரும்பி வந்து என்னைத் தூக்கினாள். முழங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தன. மருந்து போட்டுக்கொண்டே என்ன நடந்தது என்று கேட்டாள். முப்பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, அவள் கேட்ட கேள்விக்கு முழுப் பதில் சொன்னேன்.

அவள் மருந்தை மூடி வைத்தாள். “நம்ம மானம், நம்ம மானம்னு சொல்லி சரத்தை வளத்தீங்க. ரோகிணியோட அப்பாவும் அப்படிச் சொல்லித்தானே அவளை வளத்திருப்பாரு?” என்றாள். அப்புறம் கடிதம் எழுதத் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள்.

நடந்ததை நடந்தபடி எழுதினேன். சரத் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

“நக்கோ அப்பா” என்றான். வேண்டாம் என்று அர்த்தம்; சின்ன வயதில் தெருப் பையன்களிடம் கற்றுக்கொண்ட உருது வார்த்தை. பயந்தால்தான் இன்னும் வரும். “கைக்கு இப்ப? எதுக்குப்பா? எல்லாம் முடிஞ்சுபோச்சு. இதைக் குடுத்தா கம்பெனி போயிடும். தாத்தா பேரு, உங்க பேரு, எல்லாம் போயிடும்.”

அவனுக்கு அந்தப் பாடத்தைக் கற்பித்தவன் நான். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. தபாலில் போடுமுன் ரோகிணியிடம் காட்டிவிடலாம் என்று ராமச்சந்திராபுரத்துக்குப் பஸ் ஏறினேன். உண்மையில், தபாலில் போடுவதைத் தள்ளிப்போட ஒரு வழி அது. தொழிற்சாலை டவுன்ஷிப்பில் ஒரே மாதிரி மஞ்சள் வீடுகள், வேப்பமரங்கள். இளங்கோவன் வீட்டுக் கேட்டில் கையை வைத்தேன். உள்ளே குக்கர் விசில் அடித்தது. அந்தச் சாதாரணச் சத்தத்தில் என் தைரியம் போய்விட்டது. இன்னொரு நாள் வரலாம் என்று திரும்பினேன். பத்தடி நடந்திருப்பேன். செல்போன் அடித்தது. ஃபெலிக்ஸ்.

“சார், வீட்லயா இருக்கீங்க?” குரலைத் தாழ்த்திப் பேசினான்.

“இல்லை.”

“நேத்து மத்தியானத்துல இருந்து அது மாரேட்பள்ளியில நின்னுச்சு சார். உங்க வீட்டு மேல. உங்ககிட்ட சொல்லவேண்டாம்னு இருந்தேன். இன்னைக்குக் காலையில கிளம்பிருச்சு.” கொஞ்சம் நிறுத்தினான். “சார், நீங்க ராமச்சந்திராபுரத்துலயா இருக்கீங்க?”

செல்போனை அணைத்தேன்.

எனக்குப் பின்னால் இருந்த காற்றில் டீசல் வாடை இருந்தது.

திரும்பி நடந்து அந்தக் கேட்டைத் திறந்தேன். ரோகிணிதான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். இரண்டு இடத்தில் வேலைக்குப் போய், பழைய கதை தெரிந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். இதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் இறுகியது. ஆனாலும் வந்தவரை வெளியே நிறுத்துகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. “உள்ள வாங்க. உக்காருங்க” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

கூடத்தில் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். கதவு திறந்தே இருந்தது. வாசலில் என் செருப்பு மட்டும் கிடந்தது.

அவள் தட்டோடு வந்து முக்காலியில் வைத்தாள்.

தட்டில் ஆறு டம்ளர்.

நான் அவற்றைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். எதற்கு ஆறு கொண்டுவந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை என்பது அவள் நெற்றியில் தெரிந்தது. வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

நான் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் படித்து முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்தேழு வயதில், இருபத்துநான்கு வயதுப் பெண்ணின் முன்னால், தலை நிமிர முடியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்று அறிந்தேன்.

“இதைப் போஸ்ட் பண்ணிட்டீங்களா?” என்று கேட்டாள். அங்கிள் என்று சொல்லவில்லை.

“இன்னும் இல்லை.”

“அப்ப எதுக்கு என்கிட்ட வந்தீங்க?”

கடிதத்தை முன்போலவே மடித்து என் கையில் கொடுத்தாள். “அந்தம்மாவுக்கும் ஒண்ணு எழுதுங்க. பெட்டி பழுதுன்னு சொன்னீங்கல்ல, அவங்ககிட்ட” என்றாள்.

தண்ணீருக்காகக் கையை நீட்டினேன்.

ஐந்து டம்ளர்கள் காலியாக இருந்தன.

உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஒவ்வொன்றின் விளிம்பிலும் வாய் வைத்துக் குடித்த ஈரம் இருந்தது. ஆறாவது மட்டும் அப்படியே நிறைந்திருந்தது. எடுத்துக் குடித்தேன். கரித்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

அங்கிருந்தே நடந்து, டவுன்ஷிப் தபாலாபீஸில் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வீட்டுக்கு வந்து தங்கத்துக்கும் எழுதினேன். அவளிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்க எனக்கு யோக்கியதையும் இல்லை. விசாரணை நடந்தது. என் பெயர் செய்தித்தாளில் வந்தது. நிறுவனத்தை மூடினார்கள். சரத் இப்போது புனேயில் இருக்கிறான். அம்மாவிடம் மட்டும் பேசுகிறான். ரோகிணிக்குத் தவறில்லை என்று அரசு அலுவலகம் எழுதிக் கொடுத்தது. அவள் வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக ஃபெலிக்ஸ் சொன்னான். ஒன்றரை கடல் மைல் விதியை எடுத்துவிட்டார்களாம். மெல்ல மிதக்கும் புள்ளி தெரிந்தால், இப்போது முதலில் கரைக்குத் தொலைபேசியில் சொல்கிறார்களாம்.

கடிதம் போனபின் வீட்டுத் தண்ணீர் இனித்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று கனகவல்லி சம்புக்குப் பூ வைத்தாள்.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. நான் யாருடைய வீட்டுக்குப் போனாலும், யாரும் சொல்லாமல், யாரும் எண்ணாமல், ஆறு டம்ளர் வருகிறது. கொண்டுவந்தவர்கள் தட்டைப் பார்த்து ஒரு கணம் திகைக்கிறார்கள். பிறகு ஏதோ ஞாபக மறதி என்று சிரிக்கிறார்கள். பேச்சு முடிவதற்குள் ஐந்து காலியாகிவிடும். ஆறாவதை நான் எடுத்துக் குடிப்பேன். கரிக்கும்.

அதனால் வெளியே போவதையே நிறுத்திவிட்டேன். வீட்டுக்காரனுக்கு யாரும் தட்டில் வைத்துத் தண்ணீர் தருவதில்லையே. எங்கள் வீட்டில் எப்போதும் ஒரே ஒரு செம்புதான்.

இன்று காலை மாடி அறையில் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன். கனகவல்லி படியேறி வரும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொரு படியாக நின்று நின்று வந்தாள்.

கனமான எதையோ இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வருபவள் போல.

டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வந்தன.